இரண்டாம் கியர் இருக்கும் இடம்

எங்கள் டிராக்டரில் இரண்டாம் கியர் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். லீவரை லேசாகத் தூக்கி, இடப்பக்கம் சாய்த்து, கொஞ்சம் கெஞ்சி, அப்புறம் தள்ள வேண்டும். லீவரையும் கியர் பெட்டியையும் இணைக்கிற கம்பியில் பின் ஆணியும் புஷ் வளையமும் தேய்ந்து, லீவர் காற்றில் சோளத்தட்டைபோல் நாலு பக்கமும் ஆடும்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்து, கிணற்றுத் தண்ணீரில் சண்டையாகி, பேச்சை நிறுத்தியிருந்தார்கள். டிராக்டரை மட்டும் பிரிக்க முடியவில்லை. வாரம் ஒருவருக்கு முறை. பெரியப்பா முறையில் கியர் விழாது. எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். மூன்றடி தள்ளி அப்பா சவரம் செய்துகொண்டிருப்பார்.

"அம்மணி, கியர் உழுக மாட்டீங்குதுன்னு உங்கப்பங்கிட்டச் சொல்லு."

"வாரேன்னு சொல்லு கண்ணு. தூக்கித் தள்ளோணும்னு போன தடவையே சொன்னனே, மண்டைல ஏறுலீங்களான்னும் கேளு."

நான் எதையும் சொல்லமாட்டேன். அதுவாகவே போய்ச் சேர்ந்துவிடும். அப்பா ஓட்ட, பெரியப்பா மட்கார்டில் உட்கார்ந்து போவார்.

பெரியம்மாதான் பொறுக்காமல் டவுனில் கணபதிப் பகுதியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் புதுப் பின், புது புஷ் போட்டார். "இனி இந்தப் பாப்பா தள்ளுனாலும் உழுகுமுங்க." தள்ளினேன். விழுந்தது. நான் கைதட்டினேன். அப்பா திரும்பி வீட்டுக்குள் போனார்.

பெரியப்பாவின் அடுத்த இரண்டு முறையும் வாசலுக்கு யாரும் வரவில்லை. அப்பா முகத்தில் நுரை காயும்வரை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை. கன்றுக்குட்டியைத் தேடிப் போனபோது டிராக்டருக்கு அடியில் பெரியப்பா தனியாகக் கிடந்தார். புதியதைக் கழற்றிவிட்டு, பழைய துணியில் முடிந்து வைத்திருந்த தேய்ந்த புஷ்ஷை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருதிருவென்று விழித்தார். புதியதை என் கையில் திணித்தார்.

"இதக் கெணத்துல போட்டுப்போட்டு வா அம்மணி. ஆருகிட்டயும் சொல்லாத."

போட்டேன். நான் வீடு திரும்புவதற்குள் அவர் எங்கள் வாசலில் நின்றார்.

"மறுக்காவும் கியர் உழுகுலைன்னு சொல்லு."

அப்பா பாதிச் சவரத்தோடு எழுந்தார். பெரியப்பாவின் கையில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தோள் துண்டை என்னிடம் நீட்டினார்.

"கையத் தொடச்சுக்கச் சொல்லு."

துண்டோடு நடுவில் நின்றேன். நல்ல புஷ் எது, கெட்ட புஷ் எது என்றுகூடத் தெரியாத இந்தப் பெரியப்பா எப்படித்தான் வெள்ளாமை செய்யப்போகிறாரோ என்று அன்றெல்லாம் எனக்கு ஒரே கவலை.