மெஷினுக்கு நான் வச்ச மூணு பொட்டு

கம்பத்துல எங்க வீட்டு முன்னறைக்கு அந்த லேசர் மெஷினு வந்தப்ப, கதவக் கழட்டித்தான் உள்ள ஏத்துனோம். கழட்டுன கதவ மாட்ட ஆசாரி பதினோரு நாளு கழிச்சு வந்தாரு. அதுவரைக்கும் பக்கத்து வீட்டு ஆடு காலைல வந்து மெஷினுக்கு அடியில படுத்துக்கிரும். வெரட்டுனா என்னைய மொறைக்கும். ஆட்டு மொகத்துல அப்பிடி ஒரு திமிர நான் பாத்ததே இல்ல. அது கெடக்கட்டும்.

மெஷினு எம் மருமகளோடது. கோயமுத்தூர்ல போயி படிச்சுட்டு வந்து, மரத்துலயும் பிளாஸ்டிக்குலயும் பேரு வெட்டிக் குடுக்குற வேலையப் போட்டா. மகன் ஏலக்கா யாவாரம், வாரத்துல பாதி நாளு குமுளியில கெடப்பான். வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தேன். மெஷினு பாக்கக் கட்டில் கணக்கா இருக்கும், மூடி போட்ட கட்டிலு. பின்னால ஒரு கதவு, அதுக்குள்ள டூப் லைட்டு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயி. அதுலருந்து ஒரு நெருப்பு வருதாம், கண்ணுக்குத் தெரியாதாம். அது ஒரு கண்ணாடில பட்டு, அங்கனருந்து இன்னொரு கண்ணாடில பட்டு, மூணாவதுல பட்டு, நேரா கீழ எறங்கிக் கட்டையச் சுடுமாம். கண்ணுக்குத் தெரியாததுக்கு இம்புட்டுச் சுத்து எதுக்குன்னு கேட்டேன். "அத்தை, அது அப்பிடித்தேன்"னுட்டா.

சரஸ்வதி பூசை வந்துச்சு. வீட்டுல இருக்குற அருவாமனை, மிக்சி, தையல் மிசினு, சைக்கிள் பம்பு, கரண்டு சுச்சு, எல்லாத்துக்கும் சந்தனம் கொழச்சு, குங்குமம் தொட்டுப் பொட்டு வச்சேன். மருமக முன்னயே சொல்லிட்டா: "அத்தை, எம் மெஷினுக்கு வெளிய, மூடி மேல ஒண்ணே ஒண்ணு வைங்க. போதும்." சரின்னேன். ஆனா மனசு கேக்கல. சைக்கிள் பம்புக்கே நாலு பொட்டு வச்சிருக்கேன், சோறு போடுற மெஷினுக்கு ஒண்ணுதானா? அவ குளிக்கப் போன நேரம் பாத்து, பின் கதவையும் மேல் மூடியவும் தொறந்து, உள்ள இருந்த மூணு கண்ணாடிக்கும் நட்ட நடுவுல வச்சேன். பாக்க அம்புட்டு லச்சணமா இருந்துச்சு.

சாயங்காலம் அவ யார்கிட்டயோ செல்போன்ல பேசிக்கிட்டிருக்கா. "உள்ள இருக்குற கண்ணாடில ஒரு தூசி பட்டாக்கூட வேலைக்கு ஆகாதுங்க." தூசியே ஆகாதுன்னா குங்குமம்? அவ மாவரைக்க மில்லுக்குப் போகவும், நான் முந்தானைய நனைச்சு, பாலு தீஞ்ச சட்டியத் தேய்க்கிற மாதிரி மூணையும் அழுத்தித் தேச்சுட்டேன். ஒரு கண்ணாடி கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அசைஞ்சா என்ன, ஒடையலயேன்னு கதவச் சாத்திட்டேன்.

மறுநாளு அவசர வேல. உத்தமபாளையத்துல ஒரு பாயி வீட்டுக் கல்யாணம். வர்றவுகளுக்குக் குடுக்க எரநூறு பேரீச்சம்பழப் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் மாப்ள பேரும் பொண்ணு பேரும் வெட்டணும். மூணு நாள்ல குடுக்கணும். அவளுக்குக் கெடச்ச மொதப் பெரிய வேல. இது ஒழுங்காப் போச்சுன்னா அவுக சொந்தக்காரக கல்யாணம் பூராம் நம்மகிட்டதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா.

மெஷினப் போட்டா, குழாயிக்குப் பக்கத்து மூலையில மாப்ள பேரு சும்மா கருகருன்னு விழுகுது. தூரத்து மூலையில பொண்ணு பேரு விழுகவே இல்ல. பொண்ணு இல்லாத கல்யாணம். திருப்பித் திருப்பிப் போட்டா, அதே கததேன். அவ மொகம் செத்துப் போச்சு. "குழாயி போயிருச்சு அத்தை. புதுசு வர பத்து நாளாகும்."

நான் என்ன செஞ்சேன்னா, எலுமிச்சம்பழத்த வச்சு மெஷினுக்குச் சுத்திப் போட்டேன். கண்ணு பட்டிருக்கும்னும் சொன்னேன். யாரு கண்ணுன்னு கேட்டா. ஆட்டு மேல போட்டேன். காலைலருந்து அவ பச்சத் தண்ணி குடிக்கல. புதுக் குழாயிக்குச் சொல்லப் போன எடுத்து நம்பர அமுக்க ஆரம்பிச்சா. அதுக்கு மேல எனக்கு முடியல.

"ஏத்தா, போன வையி. நான் உள்ள பொட்டு வச்சேன்."

"எங்கன?"

"கண்ணாடில."

"எத்தன அத்தை?"

"மூணே மூணு தாயி."

"குங்குமமுமா?"

"சந்தனத்துக்கு மேல குங்குமம் வைக்காம எப்பிடித்தா?"

அப்பறம் தேச்ச கதையவும் சொன்னேன். அவ தரையில உக்காந்துட்டா. திட்டுவான்னு பாத்தா, "அப்ப குழாயி நல்லாத்தேன் இருக்கு, கண்ணாடிதேன் கோணிப்போச்சு"ன்னு சிரிச்சா. பெறகு திட்டுனா, அது வேற.

மெஷினு வித்த கம்பெனிக்காரருக்குப் போனப் போட்டு, சத்தமா வச்சுக்கிட்டா. அவரு சொன்னாரு: கண்ணாடியப் பஞ்சால தொடைங்க. அடுத்த கண்ணாடி மேல காயிதப் பட்டை ஒட்டுங்க. மூடியச் சாத்திட்டு, கண்ணு சிமிட்டுற நேரம் பட்டன அமுக்குங்க. காயிதத்துல ஒரு கருப்புப் புள்ளி சுடும். அந்தக் கண்ணாடியக் கிட்டக்க வச்சு ஒரு தடவ, தூரத்துல தள்ளி வச்சு ஒரு தடவ. ரெண்டு புள்ளியும் ஒரே எடத்துல விழுகுற வரைக்கும் பின்னால இருக்குற ஸ்க்ரூவ மெதுவாத் திருகுங்க.

அவ பின்னால போயி ஸ்க்ரூவப் பிடிச்சா. நான் முன்னால. எனக்குக் கண்ணுல ஒரு பெரிய கண்ணாடிய மாட்டி விட்டா, பச்சக் கலரு, தவள மாதிரி. பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி "கைய எடுத்துட்டேன்"னு நான் சொல்லணும். கைய எடுக்காம சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னா, என்னமோ நான் அப்பிடிச் செய்யிறவ மாதிரி.

அந்த நேரம் பாத்து மேலத்தெரு மதினி காப்பித்தூளு கேட்டு வந்தா. என்னையப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டா. "கண்ணு ஆபரேசனா மதினி? சொல்லவே இல்ல?"

"ஆமா, மெஷினுக்கு"ன்னேன். அவ காப்பித்தூளு வாங்காமயே போயிட்டா.

மொதப் புள்ளி நடுவுல விழுந்துச்சு. தூரத்துப் புள்ளி ஓரமாப் போயிருச்சு.

"எந்தப் பக்கம் அத்தை? இடதா வலதா?"

"இந்தக் கைப் பக்கம்."

"நான் எதுக்க நிக்கேன். ஒங்க இடது எனக்கு வலது."

அவ திருகுனா, புள்ளி இன்னும் ஓரமாப் போச்சு. நாலு தடவ இப்பிடியே. காயிதம் சல்லடை மாதிரி ஆயிருச்சு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏத்தா, இடது வலத விடு. புள்ளி சுருளி பக்கம் போயிருச்சு. கம்பமெட்டுப் பக்கமா ஒரு மொளகு அளவு தள்ளு."

அவளுக்குச் சட்டுனு வெளங்கிருச்சு. சுருளி அருவி ஊருக்குக் கெழக்க, கம்பமெட்டு மலை மேக்க; எங்கன நின்னாலும் அதே பக்கந்தானே. திருகுனா. நான் "இன்னும் ஒரு கடுகு கம்பமெட்டு. போதும். இப்பக் கொஞ்சம் கீழ"ன்னேன்.

போன்ல இருந்தவரு, "மேடம், கம்பமெட்டுன்னா எந்த ஸ்க்ரூ? புத்தகத்துல இல்லையே"ன்னாரு.

"ஒங்க ஊருல இருக்காதுங்க, நீங்க லைன்லயே இருங்க"ன்னுட்டா எம் மருமக.

மொதக் கண்ணாடி முடிய ஒரு மணி நேரமாச்சு. நடுவுல கரண்டு வேற போயி வந்துச்சு. ரெண்டாவது சீக்கிரம். மூணாவதுல கிட்டத்துப் புள்ளியும் தூரத்துப் புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து, ஒரே புள்ளியா நின்னுச்சு. அவ முன்னால வந்து பாத்தா. ஒரு பெட்டிய எடுத்துத் தூரத்து மூலையில வச்சு மெஷினப் போட்டா. பொண்ணு பேரு கருகருன்னு விழுந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா மாப்ள பேரு எம்புட்டுக் கருப்போ அம்புட்டுக் கருப்பு, அது தெரிஞ்சுச்சு. பெறகுதேன் அவ சாப்புட்டா. ஏழு தோசை.

எரநூறும் மூணாம் நாளு மத்தியானம் முடிஞ்சுச்சு. பாயி வேன் எடுத்துக்கிட்டு வந்தாக. ஒரு பெட்டிய எடுத்து வெரலால தடவிப் பாத்தாக. இன்னொண்ணு, அடியில இருந்து ஒண்ணு. "எல்லாம் ஒரே சீரா இருக்கேம்மா. எப்பிடி?"

எம் மருமக என்னையப் பாத்துக்கிட்டே சொன்னா: "எங்க அத்தைதேன் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து நேர் பண்ணாக."

பாயி எனக்குக் கும்புடு போட்டாக. நானும் கும்புட்டேன். கோணலாக்குனது யாருன்னு அவுக கேக்கல. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா வேன் எப்பக் கெளம்புறது, நீங்களே சொல்லுங்க.