பாலிஷ்காரர் செய்த கோழிக்கூடு

உட்காருவதற்கு முன்னால் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார். யார் வீட்டு நாற்காலியானாலும் சரி. உள்ளங்கையை வைத்து ஒரு தடவை முன்னால், ஒரு தடவை பின்னால். பிறகு "ம்" என்பார். அந்த ஒரு "ம்"மில் நாற்காலி செய்தவனுக்கு மார்க் போட்டாகிவிட்டது. எங்கள் வீட்டு நாற்காலிக்கு இதுவரை நல்ல "ம்" கிடைத்ததில்லை. "யாரும்மா இதுக்கு வார்னிஷ் அடிச்சது? தொடப்பத்தால அடிச்சானா?" என்று கேட்டுவிட்டு, போனால் போகிறதென்று அதிலேயே உட்காருவார்.

பக்கத்து வீட்டுக்காரர். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர், எனக்கு அண்ணன். எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் எங்கள் ஊர்வம்பு முழுவதும் நடக்கும். அவர் விரல் நகங்கள் எப்போதும் அரக்கு நிறத்தில் இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே ஸ்பிரிட் வாசனை எங்கள் சமையலறைக்கு வந்துவிடும்.

"மரத்துக்கு முடி இருக்கு தெரியுமா தங்கச்சி?" என்பார். "ஒரு கோட்டு பாலிஷ் அடிச்சதும் சிலிர்த்துக்கிட்டு நிக்கும். உப்புத்தாளால தேய்ச்சுப் படுக்க வைக்கணும். மறுபடி அடிச்சா மறுபடி நிக்கும். அதுக்கா நமக்கான்னு ஒரு கை பார்க்கணும்."

"எப்பதாண்ணே முடியும்?"

"ஈ வந்து உக்காந்தா வழுக்கி விழணும். அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

ஈ வழுக்க வேண்டும் என்பது அவருடைய வேதவாக்கு. வெளி வேலை இல்லாத நாளில் வீட்டுச் சாமான்களுக்குச் சனி பிடிக்கும். மரக் கரண்டியின் காம்பு, துடைப்பக் கட்டை, சட்டை மாட்டும் முளை என்று ஒன்றையும் விட மாட்டார். கதவின் தாழ்ப்பாள் கட்டையைத் தேய்த்துத் தேய்த்து, அது தானாகவே நழுவித் திறந்துகொள்ள ஆரம்பித்துவிட்டது. "நல்லவேளை, என்னைத் தேய்க்காம விட்டுவச்சிருக்காரு" என்று அண்ணி சுவரோரமாக வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

அண்ணி கோழி வளர்த்தாள். நாலு கோழிகள். அதில் ஒன்று, நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டே நடக்கும். அதற்கு மேனேஜர் என்று பெயர். அடையும் நேரமானால் அண்ணி நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பாள். நாலும் வரிசையாகப் போய், பழைய சாமான் அறைக்குள் நுழைந்துகொள்ளும். மற்றபடி யார் கூப்பிட்டாலும் காதில் வாங்காது.

அண்ணிக்கு முழங்கால் வலி அதிகமானபோது அண்ணன் கைத்தடி ஒன்று செய்து கொடுத்தார். நல்ல தேக்கு. ஒரு மாதம் கயிற்றில் தொங்கியது. காய்வதும் தேய்ப்பதும் மறுபடி அடிப்பதுமாக. கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அண்ணி அதை ஊன்றி நடந்த முதல் நாள், தெருக்கோடி வரை கூடவே போனார். யாராவது தடியைப் பார்க்கிறார்களா என்று இவர் பார்த்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

அடுத்த வாரமே அண்ணி பழைய துண்டு ஒன்றைக் கிழித்து, அந்தப் பட்டையைக் கைப்பிடியில் சுற்றியிருந்தாள். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ராஜா வீட்டுப் பிள்ளைக்குக் கோவணம் கட்டிவிட்ட மாதிரி என்ன இது?" என்று அவிழ்த்துப் போட்டார். அவள் மறுபடி சுற்றினாள். அவர் மறுபடி அவிழ்த்தார். இப்படியே கொஞ்ச நாள் நடந்தது. ஒருநாள் அவள் நேராகவே சொல்லிவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது.

"வழுக்குதுங்க."

அண்ணன் முகத்தில் வந்த பெருமையை என்னவென்று சொல்வது. "வழுக்கணும்ல? சும்மாவா அடிச்சேன்?" என்றார். அன்று சாயங்காலமே இன்னொரு கோட்டும் அடித்தார். துண்டுப் பட்டையையும் எடுத்துப்போய்ப் பஞ்சைச் சுற்றி, அரக்கு தொடும் துணியாக வைத்துக்கொண்டார். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விடு தங்கச்சி. இதுக்கு மேல சொன்னா முகம் தொங்கிப்போயிடும் அவருக்கு" என்றாள்.

ஒரு சாயங்காலம் கோழி அடைக்கப் போகும்போது கொல்லைப் படியில் விழுந்தாள். சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்துப் போய்த் தூக்கியவள் நான்தான். தடி தனியாக உருண்டுபோய்ச் சுவரோரம் கிடந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பிறகு நெஞ்சில் சளி, காய்ச்சல். வீடு திரும்பவில்லை. பேச்சு இருந்த கடைசி நாளன்று அவள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கோழிங்கள நாய்க்குக் குடுத்துடாதீங்க."

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அண்ணன் ஒரே கதையைச் சொன்னார். "குழாய் ஒழுகுது, படி ஈரமாவே கிடக்குது, சரி பண்ணணும் சரி பண்ணணும்னு நாளக் கடத்திட்டேன்." பத்துப் பேரிடம் சொன்னார், இருபது பேரிடம் சொன்னார். பிறகு ஆள் கூப்பிட்டுக் குழாயை மாற்றினார். படியைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாகச் சிமெண்ட் பூசினார். நான் வாயைத் திறக்கவில்லை.

கோழிகள் அவர் சொல் கேட்கவில்லை. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. விசில் அடித்தார். கெஞ்சினார். ஸ்பிரிட் நாற்றம் பிடித்த மனுஷன் பக்கத்தில் வந்தாலே அவை சிதறி ஓடின. சாமான் அறைப் பக்கமே போகாமல், துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒண்டிக்கொண்டு தூங்கின. ஒருநாள் காலையில் கல்லைச் சுற்றி இறகுகள் கிடந்தன. தெருநாய் வேலை.

அண்ணன் சுவரோரம் வந்து நின்றார். "ஒண்ணு போயிடுச்சு தங்கச்சி" என்றார். "அவ கேட்டதே அந்த ஒண்ணுதான். அதுகூட என்னால முடியல."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் கூடு கட்ட ஆரம்பித்தார். தச்சு வேலை அவருக்கு வராது. அடித்த ஆணியில் பாதி வளைந்தது. யார் வீட்டிலோ கழித்துப்போட்ட அலமாரியின் பலகைகள், நாலு கால்கள், சுற்றிலும் கம்பி வலை, மேலே ஒரு தகரம். நடந்து ஏறச் சாய்வாக ஒரு பலகை. உள்ளே, கோழிகள் ஏறி அடைய, குறுக்காக இரண்டு கட்டைகள். தரையில் படுத்தால் வலைக்குள் கால் விட்டு நாய் பிராண்டும். கட்டையில் ஏறிவிட்டால் பயமில்லை. எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார். கூடு இரண்டு நாளில் முடிந்தது. கட்டைகள் மட்டும் முடியவில்லை. ஒரு வாரம் தேய்த்தார். கோட்டுக்கு மேல் கோட்டாக அடித்தார். சாய்வுப் பலகையையும் விடவில்லை.

"ஏண்ணே, கோழி என்ன பொண்ணு பார்க்கவா வரப்போகுது?"

"உனக்குத் தெரியாது தங்கச்சி. கால்ல சிராய் ஏறிடும். அவ வளர்த்தது. நோகக் கூடாது."

கோழிகள் சாய்வுப் பலகையில் ஏறவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாகப் பிடித்து, இடுக்கிக்கொண்டு போய்க் கட்டையில் வைத்தார். மேனேஜர் இரண்டு கால்களாலும் கட்டையைப் பற்றியது, முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது, இறக்கையைப் படபடவென்று அடித்துவிட்டுத் தொப்பென்று கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றும் கூட்டின் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டன. "புது இடம்ல, பயப்படுதுங்க. பழகிடும்" என்றார். அன்றைக்கு நாய் வந்து வலையைப் பிராண்டியது. அவர் பாய் விரித்துக் கூட்டுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார். அப்படியே சில நாட்கள் ஓடின. கண்கள் குழிக்குள் போய்விட்டன. ஒரு சாயங்காலம் மேனேஜர் விழுந்த வேகத்தில் காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்ட ஆரம்பித்தது. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். மனுஷன் முகம் போன போக்கைப் பார்த்து, சிரிக்க வைக்கலாமே என்று வாயைத் திறந்தேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

"அண்ணே, ஈ என்ன ஈ, உங்க பாலிஷ்ல கோழியே வழுக்கி விழுது."

சிரித்தார். "அப்ப வேலை சுத்தம்னு சொல்லு" என்றார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கூட்டுக்குள் கையை விட்டு, உள்ளங்கையைக் கட்டையின் மேல் வைத்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

"அவளும் சொன்னா தங்கச்சி."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"வழுக்குதுன்னு சொன்னா. நான் மெச்சிக்கிறான்னு நெனச்சேன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீதானே அவளைத் தூக்கின. படி ஈரமா இருந்துச்சா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். இருந்துச்சுண்ணே என்றால் அவ்வளவுதான், குழாய் மேலேயே பழி போகட்டும் என்று. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"காய்ஞ்சுதாண்ணே இருந்துச்சு."

"ம்" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து கொல்லையில் அரம் ராவும் சத்தம். எட்டிப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து, கட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு, தான் அடித்த பாலிஷையெல்லாம் ராவிக்கொண்டிருந்தார். நல்ல மரத்தை அப்படிச் சொரசொரப்பாக்க அவர் கை ஒரு நாளும் பழகியதில்லை. அரம் எங்கெங்கோ தாவியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. மேல்கட்டையும் சாய்வுப் பலகையும் ஒருவாறு முடிந்தன. கீழ்க்கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போனார். கைத்தடியோடு வந்தார். நொண்டிக் கோழிக்குத் தாழ்வாக ஒன்று வேண்டும் என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

தடியை ராவி முடித்தபின் அரக்கு டப்பாவைத் திறந்து, பஞ்சு சுற்றிய அந்தத் துணியை எடுத்தார். கல்லாக இறுகிப் போயிருந்தது. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பிரித்து, சோப்புப் போட்டுக் கசக்கிக் கொடியில் உலர்த்தினார். பழுப்பு நிறம் போகவில்லை. ஆனாலும் துண்டுதான் அது. ஓரத்தில் அண்ணி கிழித்த பிசிர் அப்படியே இருந்தது. அதைக் கைப்பிடியில் சுற்றி, தடியைக் கூட்டுக்குள் குறுக்காக வைத்து அறைந்தார்.

இப்போது கோழிகளை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. வெயில் இறங்கினால் தாமாகவே வருகின்றன. இரண்டு மேலே. மேனேஜர் கீழே, கைத்தடியில்.

ஆனால் அவை கூட்டின் வாசலில் கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. அண்ணன் தினமும் முதலில் குழாயடிக்குப் போவார். உள்ளங்கையை நன்றாக நனைத்துக்கொண்டு வருவார். கூட்டுக்குள் கையை நுழைத்து, துண்டு சுற்றிய இடத்தை அந்த ஈரக் கையால் பற்றி, தன் முழு உடம்பின் பாரத்தையும் அதன் மேல் சாய்த்துப் பார்ப்பார்.