முக்காலுக்கு மேலே ஒன்று

என் நாத்தனாருக்கு மூக்கின்மேல் கோபம் என்பார்கள். அப்படியில்லை. "கொஞ்சம்", "கிட்டத்தட்ட" என்ற பேச்சு காதில் விழுந்தால் அவளுக்கு உடம்பு கூசும், அவ்வளவுதான். எவ்வளவு உப்பு போட்டீங்க அண்ணி என்பாள். கை அளவுதான் என்பேன். சாப்பிட்டு முடிக்கும்வரை முகம் கொடுக்கமாட்டாள்.

பகலில் அவளுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. மாலையில் எங்கள் முன்னறையில், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்களுக்குப் பாடம். கிருமி கொல்லும் மருந்தைத் தண்ணீரில் கலக்க அவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு டப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்றிருக்கும், இன்னொன்றில் 0.1, வேறொன்றில் 10 சதவீதம். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். புள்ளிக்குப் பின்னால் வால் நீளமாக இருந்தால் பெரிய எண், அதனால் 0.5 ஐவிட 0.125 தான் பெரிசு என்று ஒருத்தி ஒரு வாரம் சாதித்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அவளை உருக்குலைத்தது தாராளம்தான். அது ஒரு மாணவிக்கு நாத்தனாரே வைத்த பட்டப்பெயர். பரீட்சையில் இரண்டு முறை தவறியவள், மூன்றாவது முறையும் தவறினால் வேலை போய்விடும். கணக்குத் தெரியாதவள் இல்லை. நாலில் மூன்று என்றால் கீழ் எண்ணால் வகுத்து 0.75 என்று சரியாகக் கொண்டுவருவாள், நூறால் பெருக்குவாள், கடைசியில் 76 என்று எழுதுவாள். பாதி என்றால் 51. கேட்டால், வாளியில் எப்போதும் கையோடு ஒரு மூடி கூட ஊற்றிப் பழக்கம் என்றாள்.

"கஞ்சத்தனமா ஊத்தினா அழுக்குப் போகாதுக்கா."

"இது வாளி இல்லடி. தாள்."

தலையாட்டினாள். அடுத்த கணக்கில் கால் பங்குக்கு 26 போட்டாள். நாத்தனார் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னால முடியல அண்ணி. உங்க சாமிகிட்ட சொல்லுங்க." அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது என்றேன்.

என்ன தோன்றியதோ, விறுவிறுவென்று திரும்பிப் போனாள். தாராளத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நூறுல எழுபத்தஞ்சு உனக்குன்னா, மிச்ச இருபத்தஞ்சு யாருக்கு?"

"வேற யாருக்கோ."

"நீ எழுபத்தாறு எடுத்தா அவங்களுக்கு?"

தாராளம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "இருபத்திநாலு."

"அந்த ஒண்ணை யார் தட்டுலேருந்து எடுத்தே?"

அவள் முகம் சுண்டிவிட்டது. பிறத்தியார் சோற்றில் கைவைத்தவள் போல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறை அடித்து ஐந்தாக்கினாள். தாராளமாக இருப்பதிலும் ஒரு களவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பரீட்சை முடிந்து முடிவு வந்த அன்று ஓடிவந்தாள். இருபதுக்குப் பதினைந்தாம், தேறிவிட்டாளாம். நாத்தனார் சிரிக்கவில்லை. பின்னமாகச் சொல், தசமமாகச் சொல், சதவீதமாகச் சொல் என்று நிற்கவைத்தே கேட்டாள். முக்கால், 0.75, எழுபத்தைந்து என்று மூன்றும் தடங்கலில்லாமல் வந்தன.

"மேல ஒண்ணு?"

"பரீட்சை வச்சவங்கள ஒரு மார்க் கூடக் கேட்டுப் பாத்தேங்க்கா. தரமாட்டேன்னுட்டாங்க."

நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முன்னறையில் புதிதாக வந்த ஒருத்தி, 0.125 தானே பெரிசு என்று பக்கத்திலிருப்பவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.