எண்ணூற்று எழுபது போட்ட கவை

காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறவனை எனக்கு எப்போதுமே பிடிக்காது. வாங்கினால் அவனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும். வாங்காதவன் மனதில் என்ன இருக்கிறது என்று நாம்தான் துழாவ வேண்டும். கரியமாணிக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்து போன சொல்தா, மூன்று வாரமும் ஒரு தம்ளர் மோரைத் தவிர எதையும் தொடவில்லை. அதனாலேயே அவர் மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். இவர் சைகோனில் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டருக்குக் கையாளாக இருந்தவராம். சட்டைப் பையில் துணி சுற்றிய ஒரு எஃகுக் கவை வைத்திருந்தார். ஒரு காம்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு கிளைகள், அவ்வளவுதான். முழங்காலில் தட்டினால் ஒரே ஒரு சுரம் மெலிசாகக் கிளம்பி வெகு நேரம் நிற்கும். காம்பில், நொடிக்கு இத்தனை அதிர்வு என்று பிரெஞ்சுக்காரன் கணக்கில், 870 என்று பொறித்திருந்தது.

அவர் வந்தது என் தங்கைக்காக. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அவளை எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில், கடலூர் ரோட்டோரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவம் ஆகி எட்டாவது மாதம் மாமியார் அவளைத் தனியாகக் கொண்டுவந்து விட்டுப் போனாள். குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தூளியில் பிள்ளை தொண்டை கிழியக் கத்தினாலும் இவள் பக்கத்தில் முதுகைக் காட்டி அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். "புத்தி தெளிஞ்சா சொல்லியனுப்புங்க. இல்லன்னா புள்ளய நாங்க வளத்துக்கிறோம்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டாள்.

அவர்கள் சொன்னதை நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கலகலவென்று பேசுகிறவள் முணுமுணுப்பாகப் பேசினாள், அதையும் குனிந்த தலையோடு. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். அம்மா உரலில் நெல் குத்தும்போது மட்டும் பக்கத்தில் வந்து, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். அதைப் பார்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள் காற்றுக் கருப்பு என்றார்கள். அம்மா வில்லியனூர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற பிறகுதான் சொல்தாவுக்கு ஆள் அனுப்பினாள்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் ஆர்மோனியக்காரன். மார்கழி பஜனைக்கும் கூத்துக்கும் வாசிப்பேன். மற்ற நாளில் சுற்றுவட்டத்துப் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே ரீடு என்னும் பித்தளை நாக்குகளைச் சுரண்டிச் சுருதி கூட்டிக் கொடுப்பேன். நாலு வீடு தள்ளி ஒருவன் அரைக்கட்டை பிசகிப் பாடினால் சோறு இறங்காது எனக்கு. அந்தக் காது பற்றிக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்படிப்பட்டவன் முன்னால் வந்து நின்று அவர் என் பெட்டியைத்தான் முதலில் குற்றம் சொன்னார்.

"தம்பி, ஒம் பொட்டி ஏறிக் கீது. அது இங்கிலீஷ்காரன் சுருதி."

"கல்கத்தாவுல செஞ்சது. அதுக்கு இன்னா இப்ப?"

"பிரான்சுல சர்க்காரே சட்டம் போட்டுக் கீது, ஊருக்கெல்லாம் இந்தக் கவையில கீற ஒரே சுருதிதான்னு. ஒரு சர்க்காரு சும்மா சட்டம் போடுமா? ஒடம்புக்கு நல்லதுன்னுதான் போடும். ஒந் தங்கச்சி நம்ம மண்ணுல பொறந்தவ. அந்தாண்ட போயி ஏறுன சுருதியா கேட்டுக் கேட்டு நரம்பு கலஞ்சி போச்சி."

எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே கரும்பு, அதே நெல், அதே ஏரித் தண்ணீர். சுருதி மட்டும் சுங்கச்சாவடியில் நின்று மாறிக்கொண்டு வருமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வியாதி குணமாகும்வரை அந்தப் பெட்டியை வீட்டில் வாசிக்க வேண்டாம், முடிந்தால் ரீடுகளைச் சுரண்டி எண்ணூற்று எழுபதுக்கு இறக்கிவிடு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டதால் பெட்டியைப் பரணில் ஏற்றினேன், ரீடில் கை வைக்கவில்லை.

தினமும் காலை அவர் வருவார். தங்கையை மணைப்பலகையில் உட்காரவைத்து, கவையை முழங்காலில் தட்டி, காம்பை அவள் காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பில் ஊன்றுவார். ஏழு தடவை அந்தப் பக்கம், ஏழு தடவை இந்தப் பக்கம். முதல் தடவை ஊன்றியதும் அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். பிறகு அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அவர் கையை எடுத்தபோது தானே அவர் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னொரு தபா," என்றாள்.

இரண்டு வாரத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டாள், தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். சைக்கிள் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பத் துடித்தாள். நான் தடுத்தேன். பொய்யான குணத்தோடு அனுப்பி, அவள் மறுபடியும் பிள்ளையைக் கதறவிட்டால் அதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். இரண்டாவது தடவை யாரும் பேச்சுக்கே வர மாட்டார்கள். இந்த மனிதர் என் தங்கையின் பிள்ளையை வைத்து விளையாடுகிறார் என்ற எண்ணம் என்னைப் புழுவாகக் குடைந்தது.

பென்ஷன் வாங்கப் புதுச்சேரிக்குப் போகும் வாரம், வைத்தியம் விட்டுப்போகக் கூடாது என்று சொல்தா கவையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதற்குத்தான் காத்திருந்தேன். ரீடின் நுனியில் துளி மெழுகு வைத்தால் சுருதி இறங்கும், இது என் தொழிலில் தினப்படி வேலை. கவையின் இரண்டு நுனியிலும் தேன்மெழுகை உருட்டி அப்பினேன். தட்டிப் பார்த்தேன். எண்ணூற்று எழுபது போய்விட்டது. சுரம் தொய்ந்து, எந்தச் சர்க்காரும் சட்டம் போடாத ஒரு இடத்தில் நின்றது. வைத்தியம் எண்ணில்தான் இருக்கிறது என்றால், இன்று இவள் சிரிக்கக் கூடாது.

மணையில் உட்காரவைத்து எலும்பில் ஊன்றினேன். சிரித்தாள். அதே சிரிப்பு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? நம்பரும் இல்ல, சட்டமும் இல்ல. எதை வெச்சாலும் சிரிக்கிறா," என்று வெற்றியோடு சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மெழுகைச் சுரண்டி எடுத்தேன். சுருதி திரும்பிவிட்டதா என்று பார்க்கக் கவையைத் தட்டி என் காதருகில் பிடித்தேன். சரியாக இருந்தது. போகிற போக்கில், அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து அவள் காதருகிலும் நீட்டினேன். எலும்பில் படவில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஓங்கித் தட்டி இன்னும் நெருக்கமாகப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, திரும்பிப் பார்க்காமலேயே, "ஏண்ணா, நிறுத்திட்ட? வையி," என்றாள்.

அந்தக் கவை அவள் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்தே அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். தங்கை திரும்பவில்லை. நான் முன்னால் போய் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டாள். என் வாயை உற்றுப் பார்த்தபடி அழ ஆரம்பித்தாள்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"வயித்துல இருக்கசொல்லவே கொஞ்சம் கொஞ்சமா. அவ பொறந்தப்புறம் ரொம்ப."

"ஏன் சொல்லல?"

"பித்துன்னா தெளிஞ்சிடும்னு காத்துக்கினு இருப்பாங்க. செவுடுன்னு தெரிஞ்சா வேற கல்யாணமே பண்ணிடுவாங்க, ண்ணா. எம் புள்ளய வர்றவ வளப்பா."

செவிடு என்றால் கத்திப் பேசுவார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இவளோ தன் குரல் தனக்குள் மட்டும் பலமாகக் கேட்பதால் தாழ்த்தித் தாழ்த்திப் பேசியிருக்கிறாள். உரல் பக்கத்தில் தரையில் கன்னம் வைத்துப் படுத்ததும் அந்த இடியாவது எலும்பு வழியாக உள்ளே வரும் என்பதற்காகத்தான். அரைக்கட்டை பிசகினால் சோறு இறங்காத நான், அவள் வந்த நாளிலிருந்து பெட்டி பரணுக்குப் போகிறவரை, தினமும் அவள் முன்னால்தான் வாசித்தேன். அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், என் காதை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சொல்தா திரும்பி வந்ததும் கவையை அவர் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். சண்டைக்குத்தான் நின்றேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையிலேயே குந்தினார்.

"டாக்டரும் இப்படித்தான் பண்ணுவாரு. மொதல்ல எலும்புல, அப்பறம் காதாண்ட. எலும்புல வெச்சாதான் பசங்க மூஞ்சி மலரும். காதாண்ட புடிக்கிறது சும்மான்னு நான் உட்டுட்டேன்."

"அவங்களுக்கெல்லாம் கொணமாச்சா?"

"ஆச்சின்னுதான் நெனச்சேன். எல்லாருக்கும் வூட்டுக்குப் போவ சீட்டு குடுத்துடுவாங்க, தம்பி. பீரங்கியாண்ட இருந்த பசங்க." அந்தச் சீட்டு குணமானதற்காக இல்லை, காது போனதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. கவையைத் துணியில் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறைத்து வாழ முடியாது என்று தங்கையிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை தானே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். நடந்தே எல்லையைத் தாண்டினோம். வழியெல்லாம், அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினால் என்ன பேசுவது என்று நான் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

மாப்பிள்ளை வயலுக்குப் போயிருந்தார். மாமியார்தான் இருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் நம்பவில்லை. அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். தங்கையைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் ஒரு பித்தளைத் தவலையை எடுத்துத் தரையில் போட்டாள். சத்தத்தில் தூளியில் தூங்கிய குழந்தை வீறிட்டது. தங்கை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியார் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "இத்தினி நாளும் ஒனக்குக் கேக்கலியாடி?" என்றாள். அந்தக் குரலில் அதட்டல் இல்லை. தங்கை தூளியை ஓடிப்போய் விலக்கிக் குழந்தையைத் தூக்கினாள். கத்திக் கத்தி முகம் சிவந்திருந்தது. கவையை எங்கே வைத்தால் கேட்கும் என்று மூன்று வாரமாகப் பழகியவள் அல்லவா, குழந்தையின் நெற்றியைத் தன் காதுக்குப் பின்னால், அதே எலும்பில் அழுத்திக்கொண்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "கேக்குதுண்ணா," என்றாள்.

அழுகிற பிள்ளையை வாங்க நான் கை நீட்டினேன். மாமியார் என் கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"உடுப்பா," என்றாள். "கொஞ்ச நேரம் அழுவட்டும்."