எங்கள் பக்கம் வந்து நின்ற பிலோமினா அக்கா

திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு, விளக்கேற்றிவிட்டு, ஜிம்முக்குக் கிளம்பத் துண்டையும் தண்ணீரையும் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிந்து சேச்சியிடமிருந்து போன் வந்தது. சேச்சி கொல்லத்துக்காரர், எங்களோடு போட்டி போடும் இன்னொரு ஜிம்மின் பெண்கள் அணிக்குத் தலைவி. அந்த நேரத்தில் அழைக்கிறவர் இல்லை. "வள்ளீ" என்றார். பிறகு, "நம்மட பிலோமினா சேச்சி போயி" என்றார்.

பிலோமினா அக்கா தன் அக்காவுடைய மகளின் கல்யாணத்துக்கு லீவில் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் திரும்பியிருக்க வேண்டியவர். கல்யாணமெல்லாம் நல்லபடி முடிந்து, பந்தல் பிரித்த மறுநாள் நெஞ்சு வலி வந்திருக்கிறது. நாகர்கோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அவர் எனக்கு உறவுமுறை இல்லை. எனக்குத் தீட்டும் இல்லை. ஆனாலும் அன்று பூஜை மணியைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. விளக்கு பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிலோமினா அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். இங்கே வளைகுடாவில், அஜ்மானில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்பியவர். ஐம்பதைத் தாண்டியும் தோள்கள் இரண்டும் மரச்சட்டம் போல இருக்கும். பொரித்த மீனை விடவே மாட்டார். பேச்சு எப்போதும் உரக்கத்தான். காதோடு ரகசியம் சொன்னாலும் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும்.

நான் அவரை முதலில் பார்த்தது அந்தக் கிளினிக்கில்தான். இந்த ஊருக்குக் குடிவந்த புதிது. வீட்டுக்காரருக்கு விடியும் முன்னே சைட்டுக்கு வேன் வந்துவிடும். திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருக்கும். எனக்குக் காரணமில்லாமல் அழுகை வர ஆரம்பித்திருந்தது. உடம்பில் ஏதோ கோளாறு என்று ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். அக்கா ஊசியோடு வந்தார்.

"கைய நீட்டு பிள்ளே. எதுக்குக் கரையுதே? நான் இன்னும் குத்தவே இல்லியே."

"தெரியலக்கா. தானா வருது."

"பகல் பூரா வீட்ல ஆரு இருப்பா?"

"நான் மட்டும்தான்."

"அதான் சீக்கு. டாக்டர் சொன்னதுக்காவ ரத்தத்த எடுத்துக்கிடுகேன். ஆனா மருந்து நான் சொல்லுகேன் கேளு. உனக்க பில்டிங் கீழயே ஒரு ஜிம்மு கெடக்குல்லா? அங்க பெண்ணுங்களுக்குன்னு தனி நேரம் உண்டு. போய்ச் சேரு."

"ஜிம்மா? கோயில் குளம்னு இருக்கிறவக்கா நான்."

"நானும் கோயிலுக்குப் போறவதான். ஞாயித்துக்கிழம பூசை, மத்த நாளு பளு."

அவர் உறுப்பினராக இருந்தது ரவுண்டானா பக்கத்து ஜிம்மில். எங்கள் கட்டடத்து ஜிம் அவர்களுக்குப் போட்டி. அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்கு எது பக்கமோ அதைச் சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஜிம்மில் பெண்களுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் சீக்கிரம் சமைத்து முடிக்கிறேன். வீட்டுச் செலவை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஜிம் பணத்தை முதல் மாதம் 'இதர செலவு' என்று எழுதினேன், மூன்றாம் மாதத்திலிருந்து மருந்துச் செலவில் எழுதினேன். அழுகை நின்றிருந்தது.

அந்த நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஜிம் நடத்துகிற ஜமீல் பாய் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. ஒருநாள் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: "தங்கச்சிமார்களே, ஏசி ஓடுது, லைட்டு எரியுது, உள்ள நாலஞ்சு பேரு. நைட் டியூட்டி முடிச்சி வர்ற பசங்க வாசல்ல நிக்கிறானுவ. நான் யாருக்குப் பதில் சொல்ல?"

நாங்கள் கெஞ்சினோம். அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். குளிர்காலத்தில் இந்த வட்டாரத்து ஜிம்களுக்குள் பெண்களுக்கான நட்புப் போட்டி ஒன்று நடக்கும். ஆறு பேர் ஓர் அணி. மணல் மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பது, கயிறு தாண்டுவது, கடைசியாகக் கயிறு இழுப்பது. "நம்ம ஜிம் பேர்ல ஒரு டீம் முழுசா நிக்கட்டும். ஜெயிக்கணும்னு நான் கேக்கல. நின்னா போதும், டைம் உங்களுது. டீம் இல்லன்னா கலாஸ், முடிஞ்சுது."

ஆறு பேர் தேறினோம். நான், மதுரை சுதா, லாகூர் நஸ்ரீன், இன்னும் மூன்று பேர். இழுக்கும்போது எதைச் சொல்லி இழுப்பது என்று ஒரு வாரம் சண்டை. நான் 'முருகா' என்றால் நஸ்ரீன் எப்படிச் சொல்வாள்? கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக, 'கிளம்பு' என்பதற்கு இங்கே அரபியில் சொல்கிற 'யல்லா' என்று முடிவானது. மனசுக்குள் அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

போட்டிக்கு முந்தின நாள் சுதாவின் வீட்டுக்காரருக்குக் கத்தாரில் ராஸ் லஃபானுக்கு மாற்றல் வந்து குடும்பமே கிளம்பிவிட்டது. வேறு ஆள் தேட அவகாசமில்லை. ஐந்து பேராகத்தான் போய் நின்றோம். ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கம். ஆண்களுக்கு அனுமதி இல்லை, ஜமீல் பாய் வெளியே காரில் உட்கார்ந்துகொண்டு, "டீம் நிக்குதா? டீம் நிக்குதா?" என்று போன் செய்துகொண்டே இருந்தார். விசில் ஊதும்போது ஆறு பேர் இல்லாவிட்டால் அணியின் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் போனால் மறுபடியும் அந்த நாலு சுவர்தான் என்ற நினைப்பு மட்டும்தான் மனதில் இருந்தது.

எதிர்ப்பக்கம் ரவுண்டானா ஜிம்காரர்கள். வருஷா வருஷம் கோப்பை அவர்களுக்குத்தான். கயிற்றின் கடைக்கோடியில் நின்று மொத்த பாரத்தையும் தாங்குகிற இடம் பிலோமினா அக்காவுடையது. எங்களைப் பார்த்ததும், "என்ன பிள்ளேயளே, பாதி டீமை வீட்ல வச்சிட்டா வந்திய?" என்று கத்தினார். நஸ்ரீன் விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் முகம் மாறியது. அவர்களிடம் உபரியாக ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளைத்தான் அனுப்புவார்கள் என்று பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கோ பயம், பிந்து சேச்சியின் பின்னால் ஒதுங்கினாள். அக்கா அவளைக் கடைக்கோடியில் தன் இடத்தில் நிறுத்திவிட்டுத் தானே நடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

"சேச்சீ, எவிடேக்கா?" என்று, எங்கே போகிறீர்கள் என்று, பிந்து சேச்சி கூப்பிட்டார்.

"இவளுவளுக்கு ஆளில்ல பிந்து. ஒரு நாளைக்கு என்னைக் கடன் குடுத்ததா நெனச்சுக்கோ."

மூட்டைத் தூக்கலில் கடைசி. கயிறு தாண்டுதலிலும் கடைசி. அக்காவே எங்களைக் கேலி செய்தார்: "உங்கள ஜெயிக்க வைக்க வரல மக்கா, ஆளு எண்ணத்துக்குத்தான் வந்தேன்." கயிறு இழுப்பில் எங்களுக்கு எதிரே ரவுண்டானா ஜிம்தான் வந்தது. நான் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் சிலுவையை முத்தமிடும் சத்தம் என் காதில் கேட்டது. விசில் ஊதினார்கள். 'யல்லா' என்றோம். எனக்குப் பின்னால் ஒரு சுவரே நகர்ந்தது போல இருந்தது. நாங்கள் ஜெயித்தோம். அந்த ஒரு தோல்வியால் ரவுண்டானா ஜிம் அந்த வருஷக் கோப்பையை இழந்தது.

பிந்து சேச்சிக்குத் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டார்: "நில்க்கான் போயதல்லே? ஞங்ஙளெ தோல்பிக்கணுமோ?" நிற்கத்தானே போனாய், எங்களைத் தோற்கடிக்க வேண்டுமா என்று.

அக்கா சிரிக்கவில்லை. "கயித்தப் பிடிச்சிட்டு இழுக்குத மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது பிந்து. அது உன்னையும் ஏமாத்துகது, இவளுவளையும் ஏமாத்துகது. நீ கொஞ்ச நாளு பேசாண்டாம், செரியா?"

வெளியே வந்ததும் ஜமீல் பாய் ஒரே வார்த்தை சொன்னார்: "டைம் உங்களுது."

எங்களுக்கு நேரம் கிடைத்தது. அக்காவுக்கு இடம் போனது. அடுத்த வருஷப் போட்டியில் அவரை உபரியாக உட்கார வைத்தார்கள். பெஞ்சில் தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, தன் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நீங்க எங்க ஜிம்முக்கே வந்துருங்கக்கா" என்றேன்.

"அது எனக்க ஜிம்மு பிள்ளே. பிணங்கினதுக்காவ வீட்ட மாத்துவாவளா? பெட்ரோல் பங்க் ஜிம்காரிய சோலிய நீங்க பாருங்க." எங்கள் கட்டடத்துக்கு எதிரே பெட்ரோல் பங்க் இருப்பதால் அவர் எங்களுக்கு வைத்த பெயர் அது.

அந்தப் பிணக்கு தானாகத் தீரவில்லை. பிந்து சேச்சிக்குக் கழுத்து நரம்பு பிசகிக் கை மரத்துப்போனபோது, யாரும் கூப்பிடாமல், டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு அவர் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார் அக்கா. கை சரியாகும்வரை தினமும் போயிருக்கிறார். முதல் சில நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லையாம். ஒருநாள், "இந்தக் கைய வச்சிக்கிட்டா நீ என்கூடச் சண்டை போட்ட?" என்று அக்கா கேட்க, சேச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டதாம். அதன் பிறகு எந்த அணிக்கு ஆள் குறைந்தாலும் மற்ற ஜிம் ஒருவரைக் கொடுப்பது வழக்கமாயிற்று. போகிறவர் முழு பலத்தோடு இழுக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் பிந்து சேச்சியேதான்.

எங்கள் மாடியில் ஒரு அம்மா நேற்று கேட்டார்கள்: "ஜிம்முக்குப் போறவங்களுக்கே இப்படின்னா, போய் என்ன பிரயோஜனம்?" சாகாமல் இருப்பதற்காகவா அக்கா அங்கே போனார்? டியூட்டி முடிந்து திரும்பினால் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும்தான் அவருக்கு. அங்கே போனால் அவரை வம்புக்கு இழுக்க நாலு பேர் இருந்தார்கள்.

அடக்கம் நேற்று. இப்போதெல்லாம் ஊரில் நடப்பதை நேரலையில் காட்டுகிறார்கள். இங்கே காலை பதினொரு மணிக்கு என்று லிங்க் வந்தது. ரவுண்டானா ஜிம்காரர்கள் எல்லாரும் எங்கள் ஜிம்முக்கு வந்துவிட்டார்கள். ஜமீல் பாய் பாட்டை நிறுத்தி, சுவரில் இருக்கிற டிவியில் லிங்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

யான்புவில் வேலை பார்க்கும் மூத்த தம்பி வந்து சேரவில்லை என்பதால் பூசை தள்ளிக்கொண்டே போனது. பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். கதவுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"இன்னைக்கு லேடீஸ் டைம் முடியலப்பா."

"மணி பன்னண்டு ஆச்சே பாய். எப்ப முடியும்?"

"அவங்க தம்பி வரணும்."

"யாரு தம்பி?"

பாய் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

டிவியில் ஒருவர் கைப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெட்டியின் மேல் விழுந்தார். பிந்து சேச்சி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கியபோது நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். யாரும் சொல்லவில்லை. நஸ்ரீன் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கையேந்தினாள்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள். எங்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒருவர் மட்டும், "அடக்கம் முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டார். "முடிஞ்சுது தம்பி" என்றேன்.

அக்கா, வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். உங்கள் ஆண்டவரிடம் உங்களை எப்படிக் கேட்பது என்று எனக்கு முறை தெரியாது. அதனால் என் முருகனிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அதுவரை நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.