ஏலக்காரர் தலையில் ஒட்டிய வட்டங்கள்

குளச்சல் துறையில் செய்யது அலி வாயைத் திறந்தால் கடலிரைச்சல்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும். மீன் ஏலம் விடுவது அவர் தொழில். தொண்டை ஒன்றுதான் முதல். விலை ஏற்றத் தயங்குகிற வியாபாரியைக் கிண்டல் பண்ணியே ஏற்ற வைப்பார். தெருத்தெருவாகத் தலையில் சுமந்து விற்கும் பெண்களுக்கு ஒரு சின்னக் குவியலைத் தனியே தள்ளி வைத்துவிட்டுத்தான் பெரிய ஆட்கள் பக்கம் திரும்புவார். ஏன் என்று கேட்டவனுக்கும் ஒரு கிண்டல் கிடைக்கும்.

வீட்டிலும் அந்த வாய் ஓயாது. மனைவி சைனப் பீவி கோபித்துக்கொண்டு, தேங்காய்ப்பட்டணத்திலுள்ள பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கினால், முற்றத்தில் நின்று அவளையே ஏலம் போடுவார். “இந்த மொகம் யாருக்கு வேணும்? ஒரு தரம்… ரெண்டு தரம்…” அத்தோடு நிறுத்திவிடுவார். “மூணாந்தரம் சொன்னா கை மாறிப் போவும். அத மட்டும் நான் சொல்லமாட்டேன்.” சைனப் எவ்வளவு அடக்கினாலும் சிரிப்பு வந்துவிடும். பை திரும்பவும் உள்ளே போகும்.

அவளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. உப்புக்காற்றில் காய்ந்து வரும் அவர் தலைக்குக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைத் தன் கையால்தான் தேய்ப்பாள். அவள் குப்பியை எடுக்கும் சத்தம் கேட்டாலே அவர் தலை தானாகக் குனிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

போன வருஷம் ஒரு காலையில், ஏலத்தின் நடுவே, செய்யது அலிக்கு மீனின் பெயர் வரவில்லை. எதிரே கிடந்தது சாளை. பல் முளைத்த நாள்முதல் தின்கிற மீன். கையை ஆட்டினார், விரலால் காட்டினார், வாய் மட்டும் திறந்தபடி நின்றது. ஆள் விளையாடுகிறார் என்று கூட்டம் சிரித்தது.

ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் கட்டி தெரிந்தது. அதுவும் பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டியே. எடுக்காமல் விட்டால் ஆள் தங்கமாட்டார். எடுக்கும்போது கொஞ்சம் பிசகினாலும் பேச்சு போய்விடும். சைனப்புக்கு இவ்வளவுதான் விளங்கியது. அவள் தூக்கம் போவதற்கு அதுவே போதும்.

திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்ய இருந்த டாக்டர் சிவபிரசாத் சுசீந்திரத்துக்காரர். நம் பேச்சிலேயே பொறுமையாக விளக்கினார். தலையில் அங்கங்கே சின்ன வட்டங்களை ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். மறுநாள் மேசையில் ஒரு கோலால் அந்த வட்டங்களைத் தொட்டால், கருவி படத்தையும் தலையையும் பொருத்திக்கொள்ளும். அதன்பின் கோலை எங்கே வைத்தாலும் மூளையில் அது எந்த இடம் என்று திரையில் தெரியும். போனில் வழி பார்த்து வண்டி ஓட்டுகிற மாதிரி என்றார். சைனப்புக்கு உயிர் வந்தது.

ஸ்கேன் முடிந்ததும், வட்டங்கள் அசையக்கூடாது, யாரும் தலையைத் தொடக்கூடாது என்று நர்ஸ் செய்யது அலியிடம் சொன்னாள். சைனப் அப்போது மருந்துக்கடையில் நின்றாள். அவருக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அதற்குள் அவரிடம் மிச்சமிருந்த சொற்கள் கொஞ்சம்தான். இதை மனைவியிடம் திருப்பிச் சொல்ல அவற்றில் ஒன்றும் உதவவில்லை. ஊருக்கே கூவிய மனுஷன், கட்டிலில் உட்கார்ந்து தன் தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவளோ, பசை பிடித்து அரிக்கிறது போலும் என்று நினைத்தாள். பைக்குள் குப்பி இருந்தது. எடுத்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கத்தான் பார்த்தார். எண்ணெய் பட்டதும் தலை பழையபடி குனிந்துவிட்டது. வட்டங்களில் கை படாமல், பூப்போலத்தான் தேய்த்தாள்.

காலையில் கோலால் தொட்டுப் பார்த்த, கருவியை இயக்கும் ரெனிஷா என்ற பெண், படமும் தலையும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டாள். வட்டங்கள் சில வழுக்கி நகர்ந்திருந்தன. யார் தொட்டது என்று கேட்டு வந்தவர்களிடம், நான்தான் எண்ணெய் தேய்த்தேன் என்று சைனப் உடனே சொன்னாள். செய்யது அலியின் தம்பி முஹம்மது ஷரீஃபுக்கு நாக்கு நிற்கவில்லை. “கொல்லத்தான் கூட வந்தியளா மைனி?” என்று கேட்டுவிட்டான். தலையைத் துடைத்து, புது வட்டங்கள் ஒட்டி, திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போனது. இந்தமுறை எல்லாம் சரியாகப் பொருந்தியது.

கட்டி வெளியே வந்தது. பேச்சு வரவில்லை.

சிவபிரசாத் தானே வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கருவியின் கேமராவுக்கு அது மறைந்துவிடாமல் எல்லாரும் ஒதுங்கி நின்றுதான் வேலை பார்த்தோம் என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார். “அம்மா, அந்தப் படம் எலும்பு மூடியிருக்கும்போ எடுத்தது. தெறந்ததும் உள்ளுக்குள்ள இருந்த தண்ணி வடிஞ்சு மூளை கொஞ்சம் எறங்கிட்டு. படத்துக்கு அது தெரியாதுல்லா. எனக்குத் தெரியும், நிறுத்தி நிறுத்தித்தான் போனேன். திரையில பாத்தா பேச்சு எடத்துக்கு இன்னும் தூரம் இருந்து. உள்ள இல்ல.”

“முந்தின நாளே செஞ்சிருந்தா எறங்காம இருந்திருக்குமா சாரே?”

“என்னைக்குச் செஞ்சாலும் எறங்கத்தான் செய்யும். உங்க எண்ணெய்க்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது.”

அவர் உண்மையைத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தான் மனசு நொந்துபோகக் கூடாதென்று மறைக்கிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். ஷரீஃப் பிறகு காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். அதுவும் அவளுக்கு ஏறவில்லை.

இப்போது துறையில் வேறொருவன் ஏலம் விடுகிறான். செய்யது அலி போய் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். சாளைக் குவியலைப் பார்த்து அவர் உதடு அசைவதைக் கண்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். வீட்டில் சைனப் எண்ணெய்க் குப்பியை அலமாரியின் மேல்தட்டில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். தழும்பைச் சுற்றி நரையாக முளைத்த முடி காய்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை அவர் நாற்காலி போட்டு ஏறி, பாத்திரங்களை உருட்டிவிட்டு, குப்பியை எடுத்துவந்தார். அவள் காலடியில் உட்கார்ந்து தலையைக் குனித்தார்.

“வேண்டாம். இந்தக் கையால இனி வேண்டாம்” என்றாள் சைனப்.

அவர் நிமிரவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பின் மேல் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவள் எண்ணெயை ஊற்றினாள். தழும்பைச் சுற்றி மெல்லத் தேய்த்தாள். குனிந்த தலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரத்த, பாதி உடைந்த குரல்.

“ஒரு தரம்…”

அவள் கை அப்படியே நின்றது.

“ரெண்டு தரம்…”

அடுத்ததற்குக் காத்திருந்தாள். வரவில்லை. சொல் வாய்க்கு எட்டாமல் நின்றுபோனாரா, இல்லை பழையபடி வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டாரா, அவளுக்குத் தெரியவில்லை. எது என்று அவரால் இனி ஒருநாளும் சொல்ல முடியாது. சைனப் வாய்விட்டு அழுதுகொண்டே அந்தத் தலை முழுவதும் எண்ணெய் தேய்த்து முடித்தாள்.