விறகு கொத்த வாங்கிய கோடாலி

பிரெஞ்சு நாட்டில், லா சப்பல் பகுதியில் எங்கள் எதிர்வீட்டுக்கு ஓர் ஆபிரிக்கர் குடிவந்தார். அவருடைய உயரத்தைப் பார்த்தே பயந்துபோய், கொல்லர் கையால் அடித்துச் செய்த, டொமஹாக் என்ற சிறு கைக்கோடாலி ஒன்றை இணையத்தில் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். பிடியின் அடிவரை ஒரே இரும்பு.

ஒருநாள் குளியலறைக் கதவு இறுகி, இழுப்புக்காரியான என் மனைவி உள்ளே மாட்டிக்கொண்டாள்.

"மூச்சு முட்டுதப்பா!"

சத்தம் கேட்டு ஓடிவந்தவர் அந்த எதிர்வீட்டுக்காரர்தான். கதவை உடைக்க நான் எடுத்துவந்திருந்த கோடாலியை வாங்கி, கதவிடுக்கில் செருகி நெம்பினார். கதவு திறந்தது.

"நல்ல கோடாலி. எதற்கு வாங்கினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"விறகு கொத்த," என்றேன்.

மறுநாள் எங்கள் வாசலில் ஒரு கட்டு விறகை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"இஞ்சை கரண்ட் அடுப்பெல்லே, விறகு ஏனப்பா?" என்றாள் மனைவி.

யாருக்குப் பயந்து கோடாலி வாங்கினேன் என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. விறகும் அதற்குப் பக்கத்தில், கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கிறது.